சந்தூருக்கு ஒட்டுக் கட்டப் போன கதை

முதல் நாள், வெள்ளி

பர்கூர் வருவதற்கு நாலைந்து கிலோமீட்டர் முன்னால் பின்பக்க டயர் உட்கார்ந்துவிட்டது. ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, சாலைக்கு வெட்டியது போக மிச்சமிருந்த ஒரு புளியமரம்கூட நிழலுக்கு இருக்கிறது. பத்து நிமிஷ வேலை என்று மகளிடம் சொல்லிவிட்டு ஸ்பேனரை மாட்டினேன். நட்டு அசையவில்லை. ஏறி நின்றேன். அசையவில்லை. குதித்தேன். ஸ்பேனர்தான் நழுவியது, முழங்கால் சிராய்த்தது.

மூன்று வாரத்துக்கு முன் எங்கள் ஊரில் ஒரு பஞ்சர் கடையில் வீல் கழற்றி மாட்டினார்கள். காற்று கன்னை வைத்து டுர்ர்ர் என்று ஒரே பிடி, நாலு நட்டும் முடிந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் நின்று டீ குடித்தவன் நான். இதில் என்ன கேவலம் என்றால், என் பிழைப்பே போல்ட் எவ்வளவு இறுக்கம் என்று பார்ப்பதுதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வண்டி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக, இறுக்கத்தை அளந்து 'டிக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்சும் கையுமாக நிற்கிறேன். என் காருக்குக் கையேட்டில் போட்டிருப்பது 85 நியூட்டன் மீட்டர். அந்த கன் வைத்தது அதைப்போல இரண்டு மடங்காவது இருக்கும்.

போல்ட் என்பது பார்க்கத்தான் விறைப்பு. இறுக்கும்போது அது ஒரு நூலளவு நீள்கிறது, ஸ்பிரிங் மாதிரி. திரும்பிச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்புதான் இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. இறுக்கம் போதாவிட்டால் ஓட்டத்தின் அதிர்வில் கழன்று வரும். அளவு மீறினால் நீண்டது நீண்டதுதான், சுருங்காது; பிடிப்பது போலவே இருந்து ஒரு நாள் முறியும். புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாள் நான் எடுக்கும் பாடம் இது. வார்த்தை மாறாமல் பத்தொன்பது வருஷமாக.

"அப்பா, உன் வேலையே இதுதானே?" என்றாள் மகள். சிரிக்காமல்தான் கேட்டாள். அதுதான் வலித்தது.

நாமக்கல் லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, ஒரு நீளப் பைப்பைக் கொண்டுவந்து ஸ்பேனரில் சொருகி நெம்பினார். மூன்று நட்டு முனகிக்கொண்டு கழன்றது. நாலாவதில் நட்டு ஏறி நிற்கும் ஸ்டட்டே முறிந்தது. மூன்று நட்டோடு உருட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி வந்து, மெக்கானிக் புது ஸ்டட் போட்டு முடிக்கும்போது மாலை ஐந்து. அணைக்குப் போய்த் தென்பெண்ணையைப் பார்ப்பது, வறுத்த மீன் சாப்பிடுவது என்று வைத்திருந்த திட்டமெல்லாம் போச்சு. லாட்ஜ் ஜன்னலில் சையத் பாஷா மலை தெரிகிறது. கோட்டை மதில் மாதிரி ஏதோ தெரிகிறது. இன்றைய சுற்றுலா அவ்வளவுதான்.

ஏன் இந்தப் பயணம் என்று சொல்லவில்லையே. வெளியே சொல்லும் காரணம்: என் மாடித் தோட்டத்தில் மாமரத்துக்கு ஒட்டுக் கட்டிக் கட்டி எல்லாம் செத்துப்போய்விட்டது, சந்தூரில் போய்க் கற்றுக்கொள்ளப் போகிறேன். இன்னொன்று: ஆடி பிறந்ததும் மனைவி பென்னாகரம் பக்கத்தில் அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள், கூட்டிவர வேண்டும். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷம் ஆகியும் ஆடிக்குப் பிறந்த வீடு போவதை அவள் விட்டதில்லை. மூன்றாவது காரணம் மகளின் பையில் இருக்கிறது. ஓசூர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் நான் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று பூனைக்குக்கூடத் தெரியும்.

இரண்டாம் நாள், சனி

சந்தூர் போச்சம்பள்ளிக்குப் பக்கம். ரோட்டின் இரண்டு பக்கமும் நர்சரிப் பலகைதான். கிருஷ்ணகிரி மாம்பழம் என்று ஊரெல்லாம் பேர், ஆனால் மரம் பிறக்கும் இடம் இந்த மாதிரி ஊர்கள். பச்சை வலைக்குக் கீழே கறுப்புப் பாக்கெட்டில் வரிசை வரிசையாகக் கன்று. செந்தூரா, இமாம்பசந்த், மல்கோவா, பங்கனப்பள்ளி, அல்போன்சா, நீலம். நாம் சென்னையில் கிளிமூக்கு என்று உப்பு மிளகாய்த்தூள் போட்டுத் தின்னும் காய் இங்கே பெங்களூரா. கூழ் ஃபேக்டரிக்கு லாரி லாரியாகப் போவது அதுதான். சீசன் முடிந்துவிட்டது, கடைசியாக வரும் நீலம் மட்டும் ஒரு கூடையில் வாடி உட்கார்ந்திருந்தது.

நர்சரிக்காரரிடம் போனில் சொல்லி வைத்திருந்தேன். அவர் எங்களை ஒரு அக்காவிடம் விட்டுவிட்டு உரம் இறக்கப் போய்விட்டார். ஐம்பது வயதிருக்கும். சாக்கை மடித்துப் போட்டுத் தரையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் நாட்டுக் கன்று, ஒரு பக்கம் ஈரத்துணியில் சுற்றிய ஒட்டுக்குச்சி. பேசிக்கொண்டே கட்டுகிறார். கையைப் பார்ப்பதே இல்லை.

முதலில் என் குற்றப்பத்திரிகை வாசிக்கப்பட்டது.

"குச்சிய எப்ப வெட்னீங்க?"

"கட்டற அன்னைக்குத்தான்."

"இலையோடயா?"

"ஆமா, அப்பதான் கிள்ளினேன்."

அவர் பக்கத்திலிருந்த பெண்ணைப் பார்த்தார். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

தாய்மரத்தில் குச்சி இருக்கும்போதே, வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்னால், இலையை மட்டும் கிள்ளிவிட வேண்டுமாம், காம்பை விட்டுவிட்டு. இலை போனதும் நுனிமொட்டு 'அடுத்தது நாமதான்' என்று பருத்துக்கொள்ளும். காம்பு தானாக உதிரும் பக்குவத்தில் வெட்டினால் குச்சி தயாராக இருக்கும். நான் வெட்டியது தூங்குகிற குச்சி. தூங்குகிறவனை இடம் மாற்றி நட்டு வைத்து எழுந்து நட என்றால்?

நாட்டுக் கன்றின் தலையைச் சீவினார். தண்டின் நடுவில் கத்தியை வைத்து இரண்டு விரல்கடை ஆழத்துக்குப் பிளந்தார். ஒட்டுக்குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்கினார். ஒவ்வொரு பக்கமும் ஒரே இழுப்பு. இரண்டாவது தடவை கத்தி படவில்லை. சீவின இடம் கண்ணாடி மாதிரி மின்னியது. பட்டைக்குக் கீழே ஒரு மெல்லிய பச்சை வரி ஓடுகிறது பாருங்கள், உயிர் அங்கேதான். தண்டும் குச்சியும் ஒரே தடிமன் இல்லையென்றால் நடுவில் வைக்கக் கூடாது, ஒரு பக்கமாகத் தள்ளி, அந்தப் பக்கத்துப் பச்சை வரியாவது ஒன்றையொன்று தொட வேண்டும். நான் எப்போதும் நடுவில்தான் வைத்தேன். எல்லாவற்றையும் சென்டர் பண்ணியே பழக்கம்.

பிறகு பிளாஸ்டிக் டேப். கீழேயிருந்து மேலே சுற்றினார். அதற்கு மேல் பால் ஐஸ் வருமே, அந்த மாதிரி ஒல்லிக் கவர் ஒன்றைக் குல்லாய் போல மாட்டி, அடியில் ஒரு கட்டு. முடிந்தது. ஒரு நிமிஷம் ஆகியிருந்தால் அதிகம்.

"டேப் எவ்ளோ இறுக்கணும்க்கா?"

"குச்சி ஆடக் கூடாது, அவ்ளோதாங்க."

"அதுக்கு ஏதாவது அளவு?"

"கைக்குத் தெரியும்ணா."

எனக்குச் சுர்ரென்றது. கம்பெனியில் நான் தடை செய்து வைத்திருக்கும் வாக்கியம் அது. 'கைக்குத் தெரியும் சார்' என்று சொன்ன ஆட்களோடு எத்தனை சண்டை. கைக்கு ஒன்றும் தெரியாது, காலையில் ஒன்று சொல்லும், சாப்பிட்டபின் ஒன்று சொல்லும், அதற்குத்தானே ரெஞ்ச்? நான் விடவில்லை. திருப்பித் திருப்பிக் கேட்கவும் அவர் டேப்பை என் கண்ணுக்கு நேரே இழுத்துக் காட்டினார். இழுக்க இழுக்க நீண்டது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் நடுவில் பால் நிறத்துக்கு வெளுத்தது. "வெளுத்துச்சுன்னா அதிகம். அதுக்கு முன்னாடி நிறுத்தணும்." அளவு இருக்கத்தான் செய்கிறது. எண் இல்லை, நிறம்.

ஏழு கன்று கொடுத்தார், மகளுக்கு நாலு, எனக்கு மூன்று. நாங்கள் கட்ட ஆரம்பித்ததும் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தபோது கேட்டேன், தப்பாகக் கட்டினால் சொல்ல வேண்டாமா, ஏன் போய்விட்டீர்கள் என்று.

"பாத்துகினு நின்னா கை நடுங்கும். நடுக்கத்துல இறுக்கிடுவீங்க."

இதை இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் என் லைனில் ஒரு ட்ரெய்னி பையன். ஒரு நாள் அவன் கட்டின ஒரு போல்ட் லூசாக இருந்தது. எல்லோர் முன்னிலையிலும் கத்தினேன். மறுநாள் முழுக்க அவன் பின்னாலேயே நின்றேன். அலுமினிய ஹவுசிங், ஆறு எம்எம் போல்ட், 10 நியூட்டன் மீட்டர். ரெஞ்ச் 'டிக்' என்றதும் கையை எடுக்க வேண்டும். அவன் டிக் என்ற பிறகும் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு இழுப்பு இழுத்தான். எல்லாவற்றிலும். அலுமினியத்தில் மரை போய்விட்டது, அன்றைய பாகம் பாதி ஸ்கிராப். 'மரை கழன்றவனே' என்று அதற்கும் கத்தினேன். அவன் அதற்கடுத்த நாள் வரவில்லை. லாக்கரில் ஒரு டிபன் டப்பா இருந்தது. அதை வாங்கவும் வரவில்லை. ரிப்போர்ட்டில் 'ஆபரேட்டர் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

மதியம் போச்சம்பள்ளியில் சாப்பாடு. மகள் நாலு கட்டியும் டேப் ஒன்றுகூட வெளுக்கவில்லை. என்னுடையதில் இரண்டு வெளுத்தது.

மூன்றாம் நாள், ஞாயிறு

போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை வாரச்சந்தை. விடிவதற்கு முன்பே ஆட்டுச் சத்தம். ஆடு, நாட்டுக்கோழி, புளி, கருவாடு, கயிறு, மண்வெட்டிப் பிடி, பிளாஸ்டிக் குடம். கூட்டத்தில் மகளின் செருப்பு அறுந்து புதுச் செருப்பு வாங்கினோம். மனைவிக்கு ஒரு களிக்கோல் வாங்கினேன், மாமா வீட்டில் ஏற்கெனவே நாலு இருக்கும் என்று மகள் சொல்லச் சொல்ல. இருந்தது. ஐந்தாவது.

காவேரிப்பட்டணம் வழியாகத் தர்மபுரி. அதியமானின் தகடூர் இதுதான். அதியமான் என்றதும் எல்லோரும் நெல்லிக்கனியைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது ஔவை தொண்டைமானிடம் தூது போன கதை. தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான். வேலெல்லாம் மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளவென்று இருக்கிறது. ஔவை புகழ்வதுபோலச் சொல்கிறாள்: உன்னுடையது இப்படி இருக்கிறது, எங்கள் அரசனுடையதோ குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது. எங்கள் டூல் ரூமில் கண்ணாடி அலமாரிக்குள் நாலு ரெஞ்ச் இருக்கின்றன, ஆடிட் வரும்போது காட்டுவதற்கு. காலிபரேஷன் ஸ்டிக்கர் மின்னும். வேலை செய்கிற ரெஞ்ச் எல்லாம் கிரீஸ் படிந்து லைனில் கிடக்கும். ஔவை ஆடிட்டராக வந்தால் கம்பெனி தாங்காது.

பென்னாகரம் தாண்டி ஊருக்குள் நுழையும்போது மணி இரண்டு. மாமா திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். "வாங்க மாப்ள, வண்டி வழியில படுத்துகிச்சாமே?" செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. மகளைப் பிடித்து, "கண்ணு, இளைச்சிட்டியே" என்றார். அவள் இளைக்கவில்லை.

ராத்திரி களி. அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் நொய்யரிசி வெந்துகொண்டிருந்தது. மனைவி கேழ்வரகு மாவை நடுவில் குன்று போலக் கொட்டி, கோலால் ஒரு குழி விட்டு மூடினாள். நான் புதுக் களிக்கோலை எடுத்துக்கொண்டு கிண்டப் போனேன். "இப்பத் தொட்டா கட்டி தட்டிடும். சும்மா உக்காருங்க." மாவு தானாக வெந்து, குழி வழியாகத் தண்ணீர் மேலே வந்து கொப்பளித்த பிறகுதான் கோலைப் போட்டாள். அப்புறம் பாத்திரத்தைக் காலால் அணைத்துக்கொண்டு கிண்டினாள் பாருங்கள், தோள்பட்டையிலிருந்து வருகிறது வேகம். வீட்டில் குக்கர் விசிலுக்கு என்னைக் கூப்பிடுகிற ஆள்தானா இது என்றிருந்தது. கையை நனைத்து உருண்டை பிடித்து, குழி செய்து, அதில் கொள்ளுக் கடைசல். மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். மகள் மென்றாள். மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

சாப்பிட்டு முற்றத்தில் கை கழுவும்போது குழாய்த் தண்ணீரைக் காட்டி மாமா சொன்னார், "இது ஒகேனக்கல் தண்ணி. இது முன்னாடியே வந்திருந்தா எங்க பல்லு தப்பிச்சிருக்கும்."

இந்தப் பக்கத்துப் பாறைக்குள்ளிருந்து வரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. பல ஊர்களில் அதைத் தாண்டித்தான் இருந்தது. பல் முளைத்து வரும் வயதில் அதைக் குடித்தால் பல்லில் காவிக் கறை விழும், தேய்த்தால் போகாது. நிறைய வருஷம் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் பிடித்துக்கொள்ளும். காவிரியிலிருந்து இரண்டு மாவட்டத்துக்கும் குழாய் போட்ட கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. என் மனைவி 1999இல் பத்தாவது முடித்துவிட்டாள்.

அவள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். கல்யாணமான புதிதிலிருந்தே. கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன். நாலு பேரிடம் அப்படித்தான் சொல்லியும் இருக்கிறேன், கொஞ்சம் பெருமையாக. இன்று ராத்திரி மாமா பல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் பாத்திரம் தேய்த்தபடியே, சாதாரணமாகச் சொன்னாள்: "உங்க அம்மா பொண்ணு பாக்க வந்தப்ப, பல்லு தெரியாம சிரிடின்னு எங்கம்மா சொல்லுச்சு. அப்புறம் அப்படியே வந்துடுச்சு."

இருபத்துமூன்று வருஷம். நான் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

நாலாம் நாள், திங்கள்

ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை. ஆடிப்பெருக்குக் கூட்டம் வடிந்துவிட்டது, தண்ணீர் வடியவில்லை. கர்நாடக அணைகளில் திறந்துவிட்டது எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளந்து, இவ்வளவு கன அடிக்கு மேல் என்றால் பரிசலும் கிடையாது, அருவியில் குளியலும் கிடையாது. மகள் முகம் தொங்கிவிட்டது. கம்பி போட்ட இடத்தில் நின்று பார்த்தோம். செம்மண் குழம்பு பாறைமேல் விழுந்து புகையாக எழும்புகிறது. ஒகே என்றால் கன்னடத்தில் புகை, கல் என்றால் கல்; பேர் வைத்தவர் இந்த மாதிரி ஒரு நாளில்தான் வந்திருக்க வேண்டும். பேசினால் காது கேட்கவில்லை. மனைவியும் மகளும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கை வாய்க்குப் போகிறதா என்று நான் பார்ப்பதை மனைவி பார்த்துவிட்டாள். முறைத்தாள்.

கரையோரம் பரிசல்களைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள், பெரிய ஆமைகள் மாதிரி. ஒருவர் மட்டும் ஒன்றைத் திருப்பிப் போட்டு மூங்கில் பத்தை மாற்றிக்கொண்டிருந்தார். பழக்க தோஷம், போய் உட்கார்ந்துவிட்டேன். முன்பெல்லாம் அடியில் தோல் போர்த்துவார்களாம், இப்போது பிளாஸ்டிக் தாள், அதன்மேல் தார். பின்னலை விரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே போயிற்று.

"லூசா இருக்கே அண்ணா?"

"இருக்கணும் சார். விறைப்பாக் கட்னா பாறையில தட்னதும் ஒடஞ்சிடும். இது நெளிஞ்சு வெளிய வந்துடும்."

இரண்டு நாளாக எதைப் பார்த்தாலும் எனக்கு இதே கண்ணாகத்தான் இருக்கிறது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். அதனால் இந்தப் பேச்சை அதிகம் நம்ப வேண்டாம்; வேறு ஆள் உட்கார்ந்திருந்தால் அவர் தடைக்காலத்து வருமானத்தைப் பற்றிச் சொல்லியிருப்பார். எனக்கும் சொன்னார். தடை போட்டால் கூலி கிடையாது. தண்ணீர் நிறைய வந்தாலும் வேலை இல்லை, வற்றினாலும் வேலை இல்லை. நடுவாக ஓடினால்தான் சோறு. மேட்டூர் 120 அடி நிரம்பினால் டிவியில் பூத்தூவிக் காட்டுவார்கள், எனக்கும் அது சந்தோஷச் செய்தியாகத்தான் இருந்தது, நேற்று வரை.

மீன் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தரும் அக்காக்களிடம் கட்லா ஒன்றரைக் கிலோ கொடுத்தோம். பாதி குழம்பு, பாதி வறுவல். மாமா முள்ளெடுத்துப் பேத்திக்கு வைத்தபடி, "அந்த வேலை எப்பச் சேரணும் கண்ணு?" என்றார். நான் தட்டைப் பார்த்தேன்.

"இருபதாந்தேதி தாத்தா. அப்பா பார்க்கலாம்னு சொல்லியிருக்கார்."

"ஆடி போவட்டும். ஆடியில சேரக் கூடாது. இருபதுன்னா ஆவணி வந்துடும்." முள்ளை ஓரமாக வைத்தார். "ஓசூரு என்ன, ராயக்கோட்டை தாண்டினா ஓசூரு. எனக்குத்தான் கிட்டம். உனக்கு ஒரு காய்ச்சல்னா உங்கப்பனுக்கு முன்னாடி நான் வந்துடுவேன்."

எழுபத்தெட்டு வயது, பேருந்துப் படி ஏற இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஆனாலும் அவர் சொன்னதும் எனக்குப் பதில் இல்லை. மனைவி குழம்பை எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள். கேட்கவே இல்லை, ஊற்றினாள். அதற்கும் அர்த்தம் இருக்கிறது.

ஐந்தாம் நாள், செவ்வாய்

ஹாஸ்டலை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோம் என்று நான்தான் சொன்னேன். சொன்ன உடனே மகள் பையை மாட்டிவிட்டாள், மனம் மாறுவதற்குள்.

பாலக்கோடு, ராயக்கோட்டை வழி. தக்காளிக் கூடை ஏற்றிய வண்டிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்தோம். ராயக்கோட்டையில் மலைக்கோட்டை, கீழே தக்காளி. ஓசூர் நெருங்க நெருங்கக் காற்று மாறுகிறது, ஆகஸ்ட் மாதத்தில் ஏசி இல்லாமல் ஜன்னலைத் திறந்து போகலாம். தொரப்பள்ளிப் பலகை கண்ணில் பட்டது. ராஜாஜி பிறந்த ஊர், 1878இல். நிற்கவில்லை.

ஹாஸ்டல் வாசலில் செக்யூரிட்டி, பெண்கள் மட்டும்தான் உள்ளே என்றார். நியாயம்தான். மனைவியும் மகளும் போனார்கள். நான் காரில். ஷிப்ட் முடிந்து பஸ் வந்தது, கழுத்தில் அடையாள அட்டையோடு நாற்பது ஐம்பது பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி போனில் யாரிடமோ "சாப்ட்டேம்மா, சாப்ட்டேன்னு சொல்றேன்ல" என்று கத்திக்கொண்டு போனாள். தர்மபுரிப் பேச்சு.

முக்கால் மணி நேரம். இறங்கி நாலு வீல் நட்டையும் ஒரு தடவை பார்த்தேன். டிக்கியைத் திறந்தேன். சந்தூர்க் கன்று ஏழும் அட்டைப் பெட்டியில் நின்றன. குல்லாய்க் கவர் எல்லாம் உள்ளே வேர்த்திருந்தது, பொட்டுப் பொட்டாக ஈரம். அது நல்லதுதான் என்று அக்கா சொல்லியிருந்தார். இரண்டு மூன்று வாரத்தில் மொட்டு விடும், அப்போது குல்லாயை எடுக்கலாம். டேப்பை இரண்டு மூன்று மாசம் கழித்து, பின்பக்கமாக பிளேடால் ஒரு கோடு. அதற்கு முன்னால் தொடவே கூடாது. ஆனால் டேப்பை வெட்ட மறந்தும் போகக் கூடாது; போன வருஷம் பிழைத்த என் ஒரே ஒட்டை அப்படித்தான் கொன்றேன், டேப் தண்டுக்குள் பதிந்து, மேலே பருத்து, ஒரு காற்றுக்கு முறிந்து விழுந்தது. மற்றதெல்லாம் தினமும் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் செத்தவை.

திரும்பி வந்தார்கள். ரூமுக்கு நாலு பேர், பாத்ரூம் சுத்தம், சாம்பார் தண்ணி என்று மனைவி ரிப்போர்ட். மகள் நேராக டிக்கியைப் பார்த்தாள். மூடியிருந்தேன், ஆனால் சரியாக அழுந்தவில்லை.

"பிரிச்சியா?"

"இல்லையே."

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு. நான் கட்டினதுதான்."

"திருப்பிக் கட்டினியா?"

கட்டினேன். டேப் வெளுத்திருக்கிறதா என்று இருட்டில் தெரியவில்லை. செல்போன் வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று அவள் டிக்கியைத் திறக்கப் போனாள். "விடு, போற வழியில டீக்கடையில பாத்துக்கலாம்" என்று வண்டியை எடுத்தேன்.

சூளகிரியில் டீ குடித்தோம். இருபதாம் தேதிக்கு லீவு எழுதி மெயில் அனுப்பிவிட்டேன். இதை லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன், கன்று பெட்டியை மகள் அவள் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.